காட்டுக் கொசு பிடிக்கப் போகிறீர்களா? முதலில் காவிரி மணலில் பழகுங்கள்

என் தங்கை மகள் விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு, மலேரியா ஆய்வு ஒன்றில் களப்பணிக்குச் சேர்ந்திருக்கிறாள். வேலை ஒடிசாவில், கோராபுட் மலைக்காட்டுப் பக்கம். கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். "மாமா, நீங்க அந்தப் பக்கம் இருந்தவராச்சே, என்ன கத்துக்கிட்டுப் போகணும்?" என்றாள். நான் பூச்சி சேகரிப்பவராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோப்பில் பதவியின் பெயரே அதுதான். எனக்குப் பெண் பார்த்தபோது அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று என் அப்பா தவித்தது தனிக்கதை.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கையும் கண்ணும் பழகக் காடு வேண்டியதில்லை. காவிரியின் கிளையான குடமுருட்டியின் மணலும் நாலு மாட்டுக்கொட்டகையும் போதும்.

சாமான்களுக்கு அதிகம் செலவில்லை. நீளக் கைப்பிடி போட்ட வெள்ளை எனாமல் கரண்டி ஒன்று, 300 மில்லி பிடிக்கிற அளவில். நாங்கள் டிப்பர் என்போம். கிடைக்காவிட்டால் வெள்ளைக் குவளையை மூங்கில் குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடிக் கொசுப்புழு கண்ணில் படாது. அடுத்தது உறிஞ்சு குழாய்: ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்ணாடிக் குழாய், அதில் மாட்டிய ரப்பர் குழாய், இரண்டும் சேரும் இடத்தில் வலைத்துணித் துண்டு. அந்தத் துணியை வைக்க மறந்தால் கொசு தொண்டைக்குள் போகும். எனக்குப் போயிருக்கிறது. இவை போக டார்ச், காகிதக் கப், வலைத்துணி, ரப்பர் பேண்ட், பஞ்சு, ஈரத்துண்டு, பென்சில். பென்சில் என்றால் பென்சில்தான். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய சீட்டை ஆல்கஹால் குப்பிக்குள் போட்டால், மறுநாள் நீலத் தண்ணீரும் வெற்றுச் சீட்டும்தான் மிஞ்சும்.

சரி, ஆற்றுக்குப் போவோம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வற்றி மணல் நடுவே அங்கங்கே குட்டை நிற்கும். தெளிந்த தண்ணீர், வெயில் படும் ஓரம், கொஞ்சம் பச்சைப் பாசி. இது மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். சூரியன் உங்கள் முகத்தில் படுகிற பக்கமாக நின்று அணுகுங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் புழுக்கள் அத்தனையும் அடியில் போய்விடும். போய்விட்டால் பதறாமல் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், மூச்சுக்காக மேலே வந்துதான் ஆகவேண்டும். பிறகு கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தின் மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக வழித்தெடுங்கள். குத்தி அள்ளினால் மணல்தான் வரும். பத்து முறை அள்ளியதில் எத்தனை புழு என்று எழுதுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் பூஜ்யம் என்று எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் பூஜ்யத்தை எழுத வெட்கப்படுவார்கள். அதனால் எத்தனை குட்டை பார்த்தோம் என்ற கணக்கே போய்விடும்.

கரண்டிக்குள் தண்ணீர்மட்டத்தோடு ஒட்டி, படுக்கைவாட்டில் கிடந்தால் அது அனாபிலஸ். தலை கீழாக, வால் குழாயை மேலே நீட்டித் தொங்கினால் வேறு வகைக் கொசுவான கியூலக்ஸ் அல்லது ஏடிஸ். அனாபிலஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது, அதனால்தான் படுத்துக்கொள்கிறது. தலையை மட்டும் பாதி வட்டம் திருப்பி மேல்தண்ணீரில் இருப்பதை மேயும். இதைக் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டு என் தங்கை மகள் அரைமணி நேரம் குட்டை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிய பிறகு வயலுக்குப் போகலாம். டெல்டாவில் மலேரியாவா என்று கேட்பவர்களுக்குப் பட்டுக்கோட்டையைச் சொல்வேன். 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாயில், அதாவது நம் புது ஆற்றில், தண்ணீர் போனபோது நெல்லோடு மலேரியாவும் அந்தப் பக்கம் போனது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் அங்கே வருடக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார். அவரும் ராமச்சந்திர ராவும் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். நாற்று நட்ட வயலில் குலிசிபேசிஸ் புழு ஏராளமாக இருக்கும், பயிர் ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும் காணாமல் போகும். நிழலாலா, வேறு எதனாலா? வெற்றுத் தண்ணீரில் பயிருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குச்சிகளை நட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு நிழல் ஏது? இருந்தும் கொசு முட்டையிடவில்லை. இந்தக் கொசு தண்ணீரில் உட்காராமல், மேலே கொஞ்ச உயரத்தில் ஆடி ஆடிப் பறந்துகொண்டே முட்டையைப் போடுகிறது. குச்சி குறுக்கே நின்றால் ஆட இடமில்லை. 1942-இல் வெளிவந்த ஆய்வு இது. நீங்களும் நடவு நாளிலிருந்து வாரம் ஒருமுறை ஒரே வயலில், ஒரே மூலையில் அள்ளிப் பாருங்கள். பயிரின் உயரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எண்ணிக்கை இறங்குவதை உங்கள் கையாலேயே காண்பீர்கள். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வரப்பை மிதித்து உடைத்தால் அடுத்த வாரம் விடமாட்டார்.

புழுவை வீட்டில் வளர்க்க வெள்ளைக் கிண்ணம், அதே குட்டையின் தண்ணீர், நாய் பிஸ்கட் பொடியும் ஈஸ்ட்டும் கலந்து ஒரு சிட்டிகை. அதிகம் தூவினால் தண்ணீரின்மேல் ஆடை கட்டிப் புழு மூச்சு முட்டிச் சாகும். கூட்டுப்புழு ஆனதும் ஒவ்வொன்றாக எடுத்து வலைத்துணி போட்ட கப்புக்கு மாற்றிவிடுங்கள். வந்த கொசுவுக்கு ஊறவைத்த உலர்திராட்சையைத் துணிமேல் வைத்தால் போதும். என் மனைவி பாயசத்துக்கு வாங்கியது எத்தனையோ முறை இப்படிப் போயிருக்கிறது.

வளர்ந்த கொசுவைப் பிடிப்பது விடியற்காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. இரவு குடித்த ரத்தத்தோடு சுவரிலும் கீற்றுக்கு அடியிலும் அசையாமல் இருக்கும். அனாபிலஸ் சுவரில் வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும், கியூலக்ஸ் சுவரோடு கிடையாக இருக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்த்து அடியுங்கள், நிழல் நீண்டு கொசு பளிச்சென்று தெரியும். குழாயின் வாயை அதன்மேல் கொண்டுபோய் ஒரே ஒரு குட்டி மூச்சு. பலமாக இழுத்தால் காலும் இறகும் உதிரும். ஐந்தாறு சேர்ந்ததும் கப்புக்குள் ஊதி, ஈரத்துண்டை மேலே போட்டு நிழலில் வையுங்கள். மே மாத வெயிலில் அரைமணி விட்டால் அத்தனையும் கருவாடு.

கணக்கு இப்படி: இரண்டு பேர், ஆளுக்கு ஆறு வீடு, வீட்டுக்கு பத்து நிமிடம் என்றால், ஆளுக்கு ஒரு மணியாக மொத்தம் இரண்டு மணி. பதினெட்டு கொசு கிடைத்தால் ஆள் ஒருவருக்கு மணிக்கு ஒன்பது. நேரத்தை எழுதாமல் "நிறைய இருந்தது" என்று எழுதினால் அந்தக் குறிப்பால் யாருக்கும் பயனில்லை.

அப்புறம் பூதக்கண்ணாடி. பெண் அனாபிலஸின் வாய்க்குழலுக்கு இரண்டு பக்கமும் அதே நீளத்துக்கு பால்ப் என்ற உணர்நீட்சி இருக்கும். இறகில் வெளிர், கறுப்புப் புள்ளிகள். இந்தப் புள்ளி இறகுக் கொசுவைத்தான் ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897-இல் ஊட்டியிலிருந்து சீகூர் மலைப்பாதைக்கு இறங்கியபோது கவனித்தார், அந்தப் பயணத்திலேயே தானும் மலேரியா வாங்கிக்கொண்டார். அதே வருடம் ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் அப்படிப்பட்ட கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நீங்கள் இறகின் மூன்றாவது நரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்பாக இருந்தால் நம் ஊர் குலிசிபேசிஸ், வெளுத்திருந்தால் மலையடிவார புளுவியாட்டிலிஸ். காலெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளி தூவியிருந்தால் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்கிற ஸ்டீபன்சியாக இருக்கலாம்.

கண் செய்யும் வேலை இங்கே முடிந்துவிடுகிறது. இதற்கு மேல்தான் நான் அவளை அதிக நேரம் உட்காரவைத்துப் பேசினேன், ஏனென்றால் நான் கோட்டை விட்ட இடம் அது.

கோராபுட்டில் முதல் வருடம். மலைக்கிராமம் ஒன்றில் விடியற்காலை மனிதர்கள் படுக்கும் அறையிலும் பக்கத்து மாட்டுக்கொட்டகையிலும் புளுவியாட்டிலிஸ் பிடித்தேன். எல்லாம் ஒரே கொசுதானே என்று ஒரே கூண்டில் விட்டேன். ஒரு வாரம் இப்படிச் செய்து, நூற்றுக்கு மேல் சேர்த்துப் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குரோமோசோம் பார்க்கிற அம்மா கூண்டைப் பார்த்துவிட்டு, "இதுல எது வீட்டுல பிடிச்சது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வார உழைப்பு குப்பைக்குப் போனது.

புளுவியாட்டிலிஸ் என்று நாம் சொல்வது ஒரு கொசு இல்லை. எஸ் (S), டி (T), யு (U) என்று குறைந்தது மூன்று உடன்பிறப்பு இனங்கள். இறகைப் பார்த்தாலும் காலைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எஸ் மனித ரத்தத்தைத் தேடி வரும், வீட்டுக்குள் தங்கும், மலைக்காட்டு மலேரியாவில் பெரும்பங்கு அதனுடையது. டி பெரும்பாலும் மாட்டைக் கடித்துவிட்டுக் கொட்டகையில் கிடக்கும். என் கூண்டில் கொலைகாரனும் அப்பாவியும் ஒன்றாக இருந்தார்கள், யார் யார் என்று சொல்லக்கூடிய ஒரே அடையாளத்தை நானே அழித்துவிட்டேன்.

இவை தனித்தனி இனம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கொசுவுக்கு மூன்றே ஜோடி குரோமோசோம். பெண்கொசுவின் சூலகத்தில் முட்டைக்கு ஊட்டம் கொடுக்கும் செல்களில் அவை பல மடங்கு பெருத்து, கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். சில கொசுக்களில் ஒரு துண்டு மட்டும் தலைகீழாகத் திரும்பியிருக்கும். புளுவியாட்டிலிஸின் இரண்டாவது குரோமோசோமில் கியூ1, ஆர்1 என்று அப்படி இரண்டு இடங்கள். இரண்டும் திரும்பாதது எஸ். கியூ1 மட்டும் திரும்பியிருந்தால் டி, ஆர்1 மட்டும் திரும்பியிருந்தால் யு. ஒன்றோடொன்று கூடியிருந்தால், அப்பாவிடமிருந்து நேர்த் துண்டும் அம்மாவிடமிருந்து தலைகீழ்த் துண்டும் வாங்கிய பிள்ளைகள் இருக்கவேண்டும், அவற்றின் குரோமோசோமில் அந்த இடத்தில் ஒரு கண்ணி விழுந்திருக்கும். ஒரே கிராமத்தில் பிடித்த கொசுக்களில் இரண்டு வகையும் இருக்கிறது, கண்ணி விழுந்தது மட்டும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரே தெருவில் குடியிருந்தும் கொள்வினை கொடுப்பினை இல்லாத இரண்டு குடும்பம். அவ்வளவுதான், உடன்பிறப்பு இனம் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தெரியாது.

நம் குலிசிபேசிஸிலும் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து. பி-யை விட்டுப் பிரித்து இ என்ற இனத்தை அடையாளம் கண்டது ராமேஸ்வரத்தில். பட்டை வரிசையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், ஆண்கொசுவின் ஒய் குரோமோசோமின் வடிவத்தில்தான் வேறுபாடு. பி மலேரியாவைப் பரப்புவதில் சோம்பேறி, இ அப்படியில்லை.

டெல்டாவில் இருந்துகொண்டே உடன்பிறப்பு இனத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சப்பிக்டஸ் என்ற இன்னொரு அனாபிலஸ் கொசுவைப் பிடித்து முட்டையிட வையுங்கள். வயல் பக்கம் ஒரு தொகுதி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் உப்புத்தண்ணீர்க் குட்டைக்கு அருகே ஒரு தொகுதி. ரத்தம் குடித்த பெண்கொசுவைத் தனித்தனியாக, ஈர வடிதாள் போட்ட குப்பியில் விட்டால் இரண்டு மூன்று நாளில் முட்டையிடும். அனாபிலஸ் முட்டை தனித்தனியாக, இரண்டு பக்கமும் மிதவையோடு படகு மாதிரி இருக்கும். நுண்ணோக்கியில் மிதவையின் வரிகளை எண்ணுங்கள். 31 முதல் 36 வரை இருந்தால் சப்பிக்டஸ் ஏ, 16 முதல் 20 வரை இருந்தால் பி. உப்புத்தண்ணீரில் வளர்வது பி. என் தங்கை மகள் முதல் நாள் எண்ணியபோது ஒரே முட்டைக்கு மூன்று விடை வந்தது. மூன்றாம் நாள் ஒழுங்காக வந்தது.

இப்போது மரபணுச் சோதனைக்குத் தயார் செய்வது. பிடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு எதிரே ஊர், எந்த மாதிரி இடம், எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தது, தேதி, மணி, பிடித்தவர் யார். குரோமோசோம் வேண்டுமென்றால் வயிற்றைப் பாருங்கள்: பாதி சிவப்பும் பாதி வெளுப்புமாக இருக்கவேண்டும். ஹாஃப் கிராவிட் என்போம், ரத்தம் குடித்து ஏறக்குறைய ஒரு நாள் ஆனது. முழுச் சிவப்பாக இருந்தால் நிழலில் வைத்துக் காத்திருங்கள், முழுதும் வெளுத்துவிட்டால் பட்டை தெரியாது. சூலகத்தை ஊசியால் மெல்ல இழுத்து, ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு மெத்தனாலும் கலந்த கார்னாய் திரவத்தில் போடுங்கள். அதே கொசுவின் வயிற்று ரத்தத்தை வடிதாளில் நசுக்கினால் மனித ரத்தமா மாட்டு ரத்தமா என்று தெரியும். தலையையும் மார்பையும் தனியாக வையுங்கள், கிருமி இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். காலை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட குட்டிக் குப்பியில் காயவையுங்கள், டிஎன்ஏ-வுக்கு ஒரு காலே போதும். ஒரு கொசு நாலு இடத்துக்குப் போகிறது, நாலிலும் ஒரே எண். எண் மாறிப்போனால் மனிதரைக் கடித்த கொசு மாட்டைக் கடித்ததாகிவிடும்.

காட்டுக்குள் போனபிறகு மாறுவது தேடும் இடம்தான். புளுவியாட்டிலிஸுக்கு மலை ஓடை. நடு ஓட்டத்தில் அள்ளாதீர்கள், கல்லுக்குப் பின்னால் தண்ணீர் தயங்கும் இடத்திலும் புல் சாய்ந்த ஓரத்திலும் அள்ளுங்கள். வடகிழக்குக் காடுகளின் பைமாய் கொசுவுக்கு நிழலான சின்னக் குட்டை போதும், யானைக் காலடித் தடத்தில் தேங்கிய மழைநீர்கூடப் போதும். அது இரவில் வந்து கடித்துவிட்டுச் சுவரில் தங்காமல் வெளியே போய்விடும், ஆகவே சுவரில் மருந்தடித்து அதைப் பிடிக்கப் பார்ப்பது வீண். நீலகிரிப் பக்கம் எலிகன்ஸ் என்று ஒன்று மரப்பொந்துத் தண்ணீரில் வளர்கிறது. அது குரங்கு மலேரியாவைப் பரப்புவதாக அறுபதுகளிலேயே கண்டுபிடித்தார்கள். அதற்கு டிப்பர் உதவாது, ரப்பர் பல்ப் மாட்டிய நீளக் குழாயால்தான் உறிஞ்ச வேண்டும். முதலில் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பாம்பும் தண்ணீர் தேடும். கோராபுட் மக்கள் பயிர்க்காவலுக்கு மலைச்சரிவில் குடிசை போட்டுப் படுப்பார்கள். ஊர் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி உண்மைதான் கிடைக்கும், அந்தக் குடிசைக்கும் ஏறுங்கள். வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஒரு காலத்தில் நாங்கள் முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, இரவெல்லாம் உட்கார்ந்து, காலில் வந்து அமரும் கொசுவைப் பிடித்தோம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். யாராவது கொசுவலைக்குள் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கொசுவை இழுத்துப் பிடிக்கும் விளக்குப் பொறியை மாட்டிவிட்டு நீங்களும் வலைக்குள் படுங்கள்.

போகுமுன் தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காட்டில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். லீவில் ஊருக்கு வந்த பிறகு வந்தாலும் அப்படியே. வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துக்கூட எழும். நம் பக்கத்து டாக்டருக்குக் காய்ச்சல் என்றதும் டெங்குதான் நினைவுக்கு வரும். ஆகவே உட்கார்ந்தவுடன் முதல் வாக்கியமாக, எந்தக் காட்டில், எந்த மாதம், எத்தனை இரவு தங்கினீர்கள் என்று சொல்லிவிடுங்கள், குப்பிச் சீட்டில் எழுதுகிற மாதிரி.